ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கவிட்டுப் பாருங்கள்

(கல்லூரி உடற்கல்வி இயக்குநராக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், கூடைப்பந்து பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

2025 ஜூன் 26 காலை ஐந்தரை மணி. எங்கள் வீட்டு டிவியில் புரூக்ளின் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்ட். பெயர் படிப்பார்கள், பையன் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்வான், தொப்பி போட்டுக்கொண்டு மேடையேறுவான். அவ்வளவுதான். "இதுக்கா அலாரம் வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டு என் மனைவி திரும்பிப் படுத்துவிட்டாள். அடுத்த பத்து நாளில் வந்து சேர்ந்த கடிதங்களைப் பார்த்தால் அலாரம் வைத்தவன் நான் மட்டும் இல்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மொத்தம் 30 அணிகள், இரண்டு சுற்று. ப்ளே-ஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்குப் போகாத 14 அணிகளில் யார் முதலில் எடுப்பது என்பதற்குக் குலுக்கல். 2025 விதிப்படி கடைசி மூன்று இடத்தில் முடித்த அணிகளுக்கு முதல் இடம் கிடைக்கத் தலா 14 சதவீத வாய்ப்பு. இந்த வருடம் வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு நின்ற டாலஸுக்கு அடித்தது யோகம். டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃபிளாக் அங்கே போய்ச் சேர்ந்தான். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கே: சான் அன்டோனியோ அணியில் டி'ஆரன் ஃபாக்ஸ் இருக்கிறார், ஸ்டீஃபன் காசில் இருக்கிறார். இருவரும் கார்டுகள், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர்கள். அப்புறம் எதற்கு இரண்டாவது இடத்தில் டிலன் ஹார்ப்பர் என்று இன்னொரு கார்டு? வீட்டில் இரண்டு கிரைண்டர் இருக்கும்போது யாராவது மூன்றாவது வாங்குவார்களா மாஸ்டர்?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ப: கிரைண்டர் உதாரணம் நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் கிரைண்டர் வளராது. ஹார்ப்பருக்கு 19 வயது, காசிலுக்கு 20, ஃபாக்ஸுக்கு 27. டிராஃப்டில் எடுக்கிற பையன் நிலைத்து ஆட மூன்று வருடமாவது பிடிக்கும். அதற்குள் இந்த மூன்று பேரில் யார் அங்கே இருப்பார்கள், யாருடைய முட்டி எப்படி இருக்கும் என்று எந்த ஜோசியர் சொல்வார்? இன்றைக்கு அணியில் தெரிகிற ஓட்டையை அடைக்க, மூன்று வருடம் கழித்து வேலைக்கு வரப்போகிற ஆளை எடுப்பது எனக்கு எப்போதுமே விசித்திரமாகத் தெரியும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் கதை 1984. நானும் அதையே சொல்கிறேன், ஆனால் பாதியில் விட்டுவிட மாட்டேன். முதல் இடத்தில் ஹூஸ்டன் அணி அகீம் ஒலாஜுவானை எடுத்தது. அதில் இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை. இரண்டாவது போர்ட்லாண்ட். அவர்களிடம் முந்தின வருடம் 14-ஆவது இடத்தில் எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார். அவரும் மைக்கேல் ஜோர்டானும் ஒரே இடத்தில் ஆடுகிறவர்கள். அணிக்கு வேண்டியது சென்டர், அதாவது ரிங் அடியில் நிற்கிற நெட்டை ஆள். கென்டக்கியின் ஏழடி ஓரங்குல சாம் போவியை எடுத்தார்கள். மூன்றாவதாக ஜோர்டான் சிகாகோவுக்குப் போனார். ஜோர்டானைத் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 1982 கல்லூரிச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் முதல் வருட மாணவனாக வட கரோலினாவுக்கு வெற்றிக் கூடையைப் போட்டவரை எப்படித் தெரியாமல் இருக்கும்? தெரிந்தேதான் விட்டார்கள்.

என் பார்வையில் பிழை அதுகூட இல்லை. போவி கல்லூரியில் இருந்தபோதே கீழ்க்கால் எலும்பு முறிவால் இரண்டு முழு சீசன் உட்கார்ந்திருந்தார். சென்டர் வேண்டும், சென்டர் வேண்டும் என்ற அவசரம் இல்லாதிருந்தால் அந்த எக்ஸ்ரேயை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பார்கள். முதல் ஐந்து சீசனில் அவர் போர்ட்லாண்டுக்கு ஆடியது மொத்தம் 139 ஆட்டம். ஒரு சீசனுக்கு 82 ஆட்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தேவை என்று ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் ஆளின் குறை கண்ணில் படாது. பெண் பார்க்கப் போகிறவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றில் உங்கள் கவலை நியாயம். காசில் தன் முதல் வருடத்தில் த்ரீ பாயின்ட் (வளைகோட்டுக்கு வெளியே நின்று போடும் மூன்று புள்ளி ஷாட்) போட்டது 28.5 சதவீதம். ரட்கர்ஸ் கல்லூரியில் ஹார்ப்பர் 33 சதவீதத்தைச் சுற்றித்தான் போட்டிருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து ஆடினால் எதிரணி இருவரையும் வெளியே விட்டுவிட்டு ரிங் அடியில் கும்பலாக நிற்கும். இது சான் அன்டோனியோவுக்குத் தெரியாதா? அதே இரவில் 14-ஆவது இடத்தில் அரிசோனாவின் கார்ட்டர் பிரயன்ட் என்ற, நீளமான கை உள்ள, தூரத்திலிருந்து போடக்கூடிய, ஆளைப் பிடித்து ஆடும் பையனை எடுத்தார்கள். தேவைக்கான ஷாப்பிங் அங்கே நடந்தது. மேலே ஆளைப் பார். கீழே போகப் போக அணியைப் பார். 40-ஆவது இடத்தில் எல்லாம் தெரிந்த பையன் கிடைக்க மாட்டான், ஒன்றை ஒழுங்காகச் செய்கிற பையன் கிடைப்பான். அங்கே உங்கள் வீட்டில் எந்தச் சாமான் இல்லையோ அதை வாங்குங்கள்.

கே: கல்லூரியில் நன்றாக த்ரீ பாயின்ட் போடுகிறவன் என்.பி.ஏ.விலும் போடுவான் என்று எதை வைத்து நம்புவது?
— வங்கி ஊழியர், சேலம்

ப: த்ரீ பாயின்ட் சதவீதத்தை வைத்து நம்பாதீர்கள். ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். எதிரணி ஃபவுல் செய்தால் யாரும் மறிக்காமல் நின்று போடக் கிடைக்கும் ஷாட் அது.

2017-ல் பிலடெல்பியா முதல் இடத்துக்கு ஆசைப்பட்டு, தன் மூன்றாவது இடத்தையும் பின்னொரு வருடத்தின் முதல் சுற்று இடத்தையும் பாஸ்டனுக்குக் கொடுத்து, இடம் மாற்றிக்கொண்டது. எடுத்த பையன் மார்கெல் ஃபுல்ட்ஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகம். கல்லூரியில் அவன் த்ரீ பாயின்ட் 41.3 சதவீதம். பிரமாதம். ஃப்ரீ த்ரோ? 64.9. பாஸ்டன் மூன்றாவதாக எடுத்தது டியூக்கின் ஜேசன் டேட்டம். த்ரீ பாயின்ட் 34.2, ஃப்ரீ த்ரோ 84.9. இந்த நான்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி என் பேரனிடம் கொடுத்து யாரை எடுப்பாய் என்றேன். ஃபுல்ட்ஸ் என்றான். நானும் அந்த வருடம் அதையேதான் சொன்னேன், அதை அவனிடம் சொல்லவில்லை. நட்சத்திரமானது டேட்டம்தான்.

ஏன் ஃப்ரீ த்ரோ? ஃபுல்ட்ஸ் கல்லூரியில் ஆடியது மொத்தமே 25 ஆட்டம். அதற்குள் நூற்றுச் சொச்சம் த்ரீ பாயின்ட் முயன்றிருப்பான். அதில் அதிர்ஷ்டம் கலந்திருக்கும், காலியாக நின்று போட்டது கலந்திருக்கும். போதாக்குறைக்கு அப்போது கல்லூரிக் கோடு 6.32 மீட்டர், என்.பி.ஏ.வில் நடுவில் 7.24. மூன்று அடி பின்னால் தள்ளிப் போட வேண்டும். ஃப்ரீ த்ரோவில் இந்தக் கதையே கிடையாது. கல்லூரியிலும் என்.பி.ஏ.விலும் பலகையிலிருந்து அதே 15 அடி. முன்னால் யாரும் இல்லை. கையும் மணிக்கட்டும் மட்டும்தான். அங்கே நூற்றுக்கு 65 போடுகிறவன் கையில் ஏதோ ஒரு முடிச்சு இருக்கிறது என்று அர்த்தம். பிற்பாடு ஃபுல்ட்ஸுக்குத் தோள்பக்கம் நரம்பு நெரிபடும் கோளாறு என்று 2018 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். அதனால் எல்லாப் பழியையும் அவன் மேல் போட மாட்டேன். ஆனால் தோள் கெடுவதற்கு முன்னாலேயே அந்த 64.9 தாளில் இருந்தது. 2025-ல் சார்லட் அணி நான்காவதாக எடுத்த கான் நூப்பலுக்குக் கல்லூரியில் ஃப்ரீ த்ரோ 91.4. அவன் மெதுவாக ஓடுகிறான், எகிற மாட்டான் என்று ஆயிரம் சொல்கிறார்கள். பந்து உள்ளே விழும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எண்ணை மட்டும் நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். 1994 என்று நினைவு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு சீட், இரண்டு பையன்கள். செலக்‌ஷன் எங்கள் பழைய கிரவுண்டில், சிமென்ட் தரை, மரப்பலகை. கிராமத்திலிருந்து வந்த பையன் 45 டிகிரி கோணத்தில் நின்று பலகையில் அடித்து அடித்துப் போடுகிறான். பத்துக்கு எட்டு. இன்னொருவனுக்குப் பத்துக்கு ஐந்து, ஆனால் பலகையைத் தொடாமல் நேரே ரிங்குக்குள். எட்டுப் போட்டவனுக்குத்தான் சீட் கொடுத்தேன், ஹாஸ்டல் சாப்பாடும் சேர்த்து. மூன்று மாதம் கழித்து ஜோனல் போட்டி வேறொரு கல்லூரியில். அங்கே புத்தம்புது ஃபைபர் பலகை. மழையில் ஊறி உப்பிய எங்கள் மரப்பலகையில் பட்ட பந்து சோர்ந்து விழும். அங்கே பட்ட பந்து துள்ளிக்கொண்டு ரிங்கைத் தாண்டிப் போகிறது. அன்றைக்குப் பதினொன்று போட்டான், இரண்டு விழுந்தது. பையன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவன் மேல் என்ன தப்பு? அவன் போட்ட எட்டில் பாதி எங்கள் பலகை போட்டது.

கே: டிராஃப்டுக்கு முன் சிகாகோவில் உயரம், கை நீளம், எகிறல் எல்லாம் அளக்கிறார்களே, அதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா?
— வாசகர், தஞ்சாவூர்

ப: கை நீளத்தில் உண்டு. கோல்டன் ஸ்டேட் அணியில் தடுப்பாட்டத்துக்குப் பேர்போன டிரேமண்ட் கிரீன் ஆறடி ஆறங்குலம், விரித்த கை ஏழடி ஓரங்குலம். கழுத்துக்கு மேலே இருக்கிற தலையா பந்தைத் தடுக்கிறது? சான்டா கிளாரா என்ற சின்னக் கல்லூரியின் ஜேலன் வில்லியம்ஸை ஓக்லஹோமா சிட்டி 2022-ல் 12-ஆவதாக எடுத்ததற்கு அந்த சிகாகோ முகாமும் அவனுடைய ஏழடி சொச்சம் கையும் ஒரு காரணம். 2025 ஜூனில் சாம்பியன் ஆன அந்த அணியில் அவன் பங்கு என்ன என்று பார்த்திருப்பீர்கள்.

படுத்துக்கொண்டு எடை தூக்குவதில் பிரயோஜனம் இல்லை. 2007-ல் கெவின் டுரான்ட் 185 பவுண்டு கம்பியை, அதாவது சுமார் 84 கிலோவை, ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. டெக்சாஸ் கல்லூரியில் ஆட்டத்துக்கு 25.8 பாயின்ட் அடித்த கை அது. முதல் இடத்தில் இருந்த போர்ட்லாண்ட், பின்னாளில் நட்சத்திரமான டுரான்டை விட்டுவிட்டு, ஒஹையோ ஸ்டேட்டின் ஏழடி கிரெக் ஓடனை எடுத்தது. அப்புறம் ஓடனின் முட்டி கெட்டது. போர்ட்லாண்ட் ஊர்க்காரர் யாரையாவது சந்தித்தால் வேறு ஏதாவது பேசுங்கள்.

கே: நான்கு வருடம் கல்லூரியில் ஆடி, பக்குவப்பட்டு வருகிறவர்களைக் கீழே தள்ளிவிட்டு, ஒரே வருடம் ஆடிய 18, 19 வயதுப் பையன்களை மேலே எடுப்பது அநியாயம் இல்லையா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, திருநெல்வேலி

ப: அநியாயம்தான் டீச்சர், ஆனால் கணக்குத் தெரிந்த அநியாயம். 2006 டிராஃப்டிலிருந்து பள்ளி முடித்து நேரே வர முடியாது. அந்த வருடத்துக்குள் 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடம் கழிந்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தைக் கழிக்கத்தான் பலரும் கல்லூரிக்குப் போகிறார்கள். முதல் சுற்றில் எடுத்தவனை நான்கு வருடம் வரை, விதித்த சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். 18 வயது ஃபிளாக்கை எடுத்தால் அவன் 22 ஆகும்வரை வளர்வதையெல்லாம் மலிவு விலையில் பார்க்கலாம். 22 வயதுக்காரன் ஏற்கெனவே வளர்ந்துவிட்டான். அதோடு, 22 வயதுப் பையன் 18 வயதுப் பையன்களை இடித்துத் தள்ளி எடுக்கும் 19 பாயின்ட்டும், 18 வயதில் ஃபிளாக் எடுத்த 19 பாயின்ட்டும் ஒன்றல்ல. பத்தாம் வகுப்புப் பையன் ஏழாம் வகுப்புக்காரனோடு ஓடி ஜெயித்தால் நீங்கள் கை தட்டுவீர்களா?

ஆனால் இந்தக் கணக்கு ஒரு எல்லைக்கு மேல் மூடத்தனமாகிவிடுகிறது. வில்லனோவாவின் ஜேலன் பிரன்சன் இரண்டு கல்லூரி சாம்பியன்ஷிப் ஜெயித்தவர், 2018-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். வயது 21 ஆகிவிட்டது, உயரம் ஆறடி சொச்சம்தான், இனி வளர மாட்டார் என்று 33-ஆவது இடம்வரை விட்டார்கள். அவர்தான் 2025-ல் நியூயார்க் அணியை, 2000-க்குப் பிறகு முதல் தடவையாக, கிழக்குப் பிரிவு இறுதிவரை இழுத்துக்கொண்டு போனார். வர்ஜீனியாவில் ஐந்து வருடம் இருந்த மால்கம் பிராக்டன் 2016-ல் 36-ஆவது இடம். மறுவருடம் சிறந்த புதுமுகம் விருது. இரண்டாம் சுற்றில் இவர்களைப் போன்ற ஆட்களை விட்டுவிட்டு, "வளர்வான்" என்று ஒரு பதினெட்டு வயதுக்காரனை எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேராகப் பணம் கொடுக்கலாம். இரண்டாம் சுற்றில் போவதைவிடக் கல்லூரியில் இன்னொரு வருடம் இருப்பதே லாபம் என்று பலர் தங்கிவிடுகிறார்கள். இனி டிராஃப்டில் மீசை வைத்தவர்களை அதிகம் பார்ப்பீர்கள்.

கே: என் மகன் பத்தாம் வகுப்பு, ஆறடி ஓரங்குலம். அமெரிக்கக் கல்லூரி, என்.பி.ஏ. என்று பேசிக்கொண்டே இருக்கிறான். விடலாமா?
— ஒரு தாய், பொள்ளாச்சி

ப: ஆட விடுங்கள் அம்மா. கணக்கையும் சொல்லிவிடுங்கள். அங்கே முதல்தரக் கல்லூரி அணிகள் 350-க்கு மேல். அணிக்குப் பதின்மூன்று பேர் என்று வைத்தாலே 4,500 பேர். டிராஃப்டில் இடம் மிஞ்சிப்போனால் அறுபது, அதிலும் ஐரோப்பாக்காரர்களுக்குப் பங்கு. நம் நாட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஒரே ஆள் பஞ்சாபின் சத்னாம் சிங், 2015-ல் டாலஸ், 52-ஆவது இடம். ஏழடி இரண்டங்குலம். சிறுவயதிலேயே புளோரிடாவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவர். அவருக்கும் என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றுகூட வாய்க்கவில்லை. பையனுக்கு இடது கையால் லே-அப் (ஓடிவந்து ரிங் அருகில் எகிறிப் போடும் ஷாட்) போட வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் இந்தக் கோடைக்கு அது போதும்.

கே: ஒரு கல்லூரி ஆட்டத்தை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதுவீர்கள்?
— உடற்கல்வி ஆசிரியர், கரூர்

ப: முதல் பத்து நிமிடம் பந்தையே பார்க்க மாட்டேன். பையனின் காலை மட்டும் பார்ப்பேன். கஷ்டமான வேலை, கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும். பெரிய பையன் என்றால் இதுதான் முக்கியம். கல்லூரியில் அவன் ரிங் அடியிலேயே குடியிருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். என்.பி.ஏ.வில் யாரையும் பிடிக்காமல் ரிங் எதிரே வரைந்திருக்கும் கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நின்றால் விசில். வெளியே இழுப்பார்கள், அவன் சின்ன கார்டின் எதிரே குனிந்து நின்று பக்கவாட்டில் நகர வேண்டும். 2009-ல் கனெக்டிகட் கல்லூரியின் ஏழடி மூன்றங்குல ஹஷீம் தபீத் தடுத்த பந்துகளைப் பார்த்து மெம்ஃபிஸ் அவரை இரண்டாவதாக எடுத்தது. கால் வரவில்லை. அடுத்த இடத்தில் போனவர், பின்னாளில் நட்சத்திரமான ஜேம்ஸ் ஹார்டன்.

அப்புறம், பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடி. நோட்டில் இதற்குத் தனிப் பத்தி. சிலர் நடுவரைப் பார்த்துக் கை விரிப்பார்கள், சிலர் அப்படியே நிற்பார்கள், சிலர் முதல் அடியிலேயே திரும்பி ஓடுவார்கள். எத்தனையாவது அடியில் திரும்பினான் என்று எண் போட்டு வைப்பேன். கோச் வெளியே உட்கார வைத்தால் துண்டைத் தலையில் போட்டுக்கொள்கிறானா, டைம்-அவுட்டில் எழுந்து வட்டத்துக்குள் வருகிறானா என்றும். டிவியில் இது அரை நொடிதான் காட்டுவார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதால் ஒரு ஆட்டம் முடிய மூன்று மணி நேரம் ஆகிறது. வீட்டில் தனி ரிமோட் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

கே: 2009-ல் மினசோட்டா அணி 5, 6 என்று அடுத்தடுத்து இரண்டு இடம் வைத்திருந்தும், பின்னாளில் த்ரீ பாயின்ட் மன்னனான ஸ்டீஃபன் கரியை விட்டுவிட்டதே! ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின் என்று இரண்டு பாயின்ட் கார்டுகளை எடுத்த அந்த மேதைகளின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால்?
— வாசகர், கும்பகோணம்

ப: உங்கள் கடிதம் வந்ததும் பரணிலிருந்து 2009 நோட்டை இறக்கினேன். அந்த நாளில் நியூ ஜெர்சியிலிருக்கும் என் தம்பி மகன் ஆட்டங்களை சி.டி.யில் பதிந்து அனுப்புவான். அதில் ஒன்று அந்த வருடம் மார்ச்சில் சிராக்யூஸும் கனெக்டிகட்டும் ஆடிய ஆட்டம். சமநிலை உடையாமல் ஆறு ஓவர்டைம் போனது. ஃப்ளின் அதில் 67 நிமிடம் ஆடினான். கல்லூரி ஆட்டமே 40 நிமிடம்தான். ஆறாவது ஓவர்டைமிலும் பந்தோடு மூச்சுவாங்காமல் ஓடுகிறான். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

கரிக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரி, ஆட்டத்துக்கு 28.6 பாயின்ட், அந்த வருடம் நாட்டிலேயே அதிகம். அதன் கீழே என் கையெழுத்தில்: "ஒல்லி. இடித்தால் விழுவான். எதிரே ஆடுகிற கல்லூரிகள் சாதாரணம்." ஃப்ரீ த்ரோ பத்தி காலி. அந்த வருடம் எனக்கு அதை எழுதும் பழக்கமே வரவில்லை. ஃப்ளின் பெயரின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.